பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வார்டு வரை: தமிழ்நாட்டில் செவிலியராவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் செவிலியர் படிப்பைப் பற்றி விசாரிக்க வரும் குடும்பங்கள் பெரும்பாலும் கட்டணம் எவ்வளவு, வேலை கிடைக்குமா என்ற இரண்டைத்தான் கேட்கின்றன. இந்தக் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு நோயாளிகளின் அருகில் நின்று வேலை பழகும் வாய்ப்பு எந்த அளவுக்குக் கிடைக்கும் என்பதை மிகச் சிலரே கேட்கிறார்கள். வார்டுகளில் புதிய செவிலியர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்துவரும் எனக்கு அதுவே முதல் கேள்வியாகப் படுகிறது. நல்ல மதிப்பெண் பெற்றும் ஒரு கேனுலாவை (இரத்தக் குழாயில் மருந்து ஏற்றப் பொருத்தும் சிறு குழாய்) தனியாகப் போட்டுப் பழகாமல் வெளியே வருபவர்கள் முதல் ஆறு மாதங்களில் படும் துன்பம் கொஞ்சமல்ல. சேர்க்கை முதல் வேலை வரை எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்தக் கேள்வியோடு சேர்த்தே எடுக்க வேண்டும் என்பதால், இந்த வழிகாட்டியையும் அதே வரிசையில் எழுதுகிறேன்.

எந்தப் படிப்பு

முறையான வழிகள் மூன்று. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. இதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் படித்திருக்க வேண்டும். பொதுப்பிரிவினர் அறிவியல் பாடங்களில் 45 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஜி.என்.எம். எனப்படும் பொதுச் செவிலியம், மகப்பேறுப் பட்டயப்படிப்பு மூன்று ஆண்டு. ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர், மகப்பேறுத் தாதி படிப்பு இரண்டு ஆண்டு. இது பெரும்பாலும் கிராமப்புறத் தாய் சேய் நலப் பணியை நோக்கமாகக் கொண்டது. ஜி.என்.எம். முடித்தவர்கள் பின்னர் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டம் பெறலாம்.

வசதி இருந்தால் பி.எஸ்சி. படிப்பையே தேர்ந்தெடுங்கள் என்று அறிவுறுத்துவேன். மத்திய அரசு மருத்துவமனைத் தேர்வுகளிலும் வெளிநாட்டுப் பதிவுகளிலும் பட்டதாரிகளுக்கு வழி எளிதாகத் திறக்கிறது. எனினும், நல்ல மருத்துவமனையோடு இணைந்த ஜி.என்.எம். பள்ளி ஒன்றில் இடம் கிடைத்து, மறுபக்கம் நோயாளிகளே இல்லாத ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்தால், தயங்காமல் முன்னதில் சேருங்கள்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஆறு மாதம், ஓராண்டு என்று 'நர்சிங் அசிஸ்டென்ட்', 'ஹெல்த் அசிஸ்டென்ட்' போன்ற பெயர்களில் ஊர்தோறும் நடத்தப்படும் படிப்புகளை முடித்தவர்கள் பதிவுபெற்ற செவிலியராக முடியாது. சான்றிதழ் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் நர்சிங் கவுன்சிலில் பெயர் ஏறாது. பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகளை இந்தப் படிப்புகளில் சேர்த்துவிட்டு, பல ஆண்டுகள் கழித்து உண்மை தெரிந்து வருந்தும் பெற்றோர்களைப் பார்க்கும்போது மனம் மிகவும் வேதனைப்படுகிறது.

கல்லூரியைச் சரிபார்க்கும் முறை

முதலில் ஆவணங்களைப் பாருங்கள். பி.எஸ்சி. கல்லூரியாக இருந்தால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்போ உரிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரமோ இருக்க வேண்டும். தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலும் டெல்லியிலுள்ள இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலும் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்க வேண்டும். இந்தப் பட்டியல்கள் கல்வியாண்டு வாரியாக வெளியிடப்படுகின்றன. ஆகவே சென்ற ஆண்டின் தாளைக் காட்டினால் ஏற்காமல், நீங்கள் சேரவிருக்கும் ஆண்டின் பட்டியலைப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை என்பதையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நேரில் செல்லுங்கள். கல்லூரிக்கு நூறு படுக்கைகளுக்குக் குறையாத சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் படுக்கை இருப்பதும் அதில் நோயாளி இருப்பதும் வேறு வேறு. ஒரு வேலைநாளில் காலை பத்து மணிக்கு அந்த மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே நிலைமை ஓரளவு விளங்கிவிடும். பிறகு மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரிடம் எந்தெந்த மருத்துவமனைகளுக்குப் போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) அனுப்புகிறார்கள், எத்தனை பிரசவங்களைப் பார்த்திருக்கிறீர்கள், கேனுலா போட்டிருக்கிறீர்களா என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ முறையாக அனுப்பும் கல்லூரி என்றால் அது பெரிய ஆறுதல். "சும்மா நின்னு பாப்போம்" என்று பதில் வந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.

வாய்ப்புள்ளவர்கள் சென்னை, மதுரை போன்ற இடங்களிலுள்ள அரசுச் செவிலியர் கல்லூரிகளையே முதல் விருப்பமாக வைக்க வேண்டும். கட்டணம் மிகக் குறைவு. நோயாளிகளின் எண்ணிக்கையும் நோய்களின் வகையும் வேறெங்கும் கிடைக்காதவை. சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871ஆம் ஆண்டிலேயே தொடங்கியது என்பதும், வேலூர் சி.எம்.சி. 1946இல் நாட்டிலேயே முதன்முதலாக நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கிய நிறுவனங்களுள் ஒன்று என்பதும் இத்துறையில் தமிழகத்துக்கு இருக்கும் வேரைக் காட்டுகின்றன.

அரசுக் கல்லூரி இடங்களுக்கும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடத்துகிறது. சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்கு முன்பே எடுத்து வைத்திருங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது.

கல்லூரி ஆண்டுகள்

பி.எஸ்சி. படிப்பு இப்போது எட்டுப் பருவங்களாக நடக்கிறது. உடற்கூறியல், உடலியங்கியல், செவிலிய அடிப்படைகள் ஆகியவை தொடக்கத்திலும், நுண்ணுயிரியல், மருந்தியல், நோயியல், வயதுவந்தோர் நலம் ஆகியவை இரண்டாம் ஆண்டிலும், குழந்தை நலம், மனநலம், சமூக நலம், மகப்பேறு ஆகியவை அதன் பின்னரும் வருகின்றன. எட்டாவது பருவம் முழுவதும் மருத்துவமனைப் பயிற்சிதான். தேர்வெழுத 80 விழுக்காடு வருகை வேண்டும். பட்டம் பெறுவதற்கு முன் செய்முறைப் பயிற்சி நேரத்தை நூறு விழுக்காடும் நிறைவு செய்திருக்க வேண்டும். ஆகவே விடுப்பு எடுத்த பயிற்சி நாள்களை எப்படியும் ஈடுகட்டித்தான் ஆக வேண்டும்.

தமிழ்வழியில் படித்து வருபவர்களுக்கு முதல் மூன்று மாதங்கள் கடினமாக இருக்கும். பாடநூல்களும் தேர்வும் ஆங்கிலத்தில் இருப்பதால், வகுப்பில் முதல் மாணவியாக இருந்தவர்கள்கூடத் தன்னம்பிக்கை இழக்கிறார்கள். மருத்துவச் சொற்களை முழுதாக மனப்பாடம் செய்யாமல் பிரித்துப் படிப்பது இதற்கு நல்ல வழி. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்று முடிந்தால் அகற்றுதல், 'ஆஸ்டமி' என்று முடிந்தால் திறப்பு உண்டாக்குதல் என்று ஐம்பது உறுப்புகளைத் தெரிந்துகொண்டால் ஆயிரம் சொற்கள் தாமாகவே விளங்கும். உடலியங்கியலை மட்டும் எக்காரணம் கொண்டும் மேலோட்டமாகப் படித்துவிடாதீர்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று புரியாதவர், சிறுநீரின் அளவு குறைவதைக் குறிப்பேட்டில் எழுதுவார். ஆனால் அதைக் கண்டு பதறமாட்டார்.

வார்டில் கற்க வேண்டியவை

வார்டு போஸ்டிங்கில் மாணவர்களுக்கு முதலில் கிடைக்கும் வேலை வெப்பநிலை, நாடித்துடிப்பு, சுவாசம், இரத்த அழுத்தம் பார்ப்பது. இதைச் சில்லறை வேலையாக எண்ணும் வழக்கம் இருக்கிறது. எந்த மருத்துவமனையிலும் நோயாளியின் விவரங்களை எழுதும் கேஸ் ஷீட்டைப் புரட்டினால், சுவாச எண்ணிக்கை எல்லா நோயாளிக்கும் 20 என்றே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். யாரும் எண்ணவில்லை என்பதே அதன் பொருள். நோயாளியின் நிலை மோசமாகத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது சுவாச எண்ணிக்கைதான். இரத்த அழுத்தம் விழுவதற்குப் பல மணி நேரம் முன்பே மூச்சு 18இலிருந்து 26க்கு ஏறியிருக்கும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, நோயாளிக்குத் தெரியாமல், மார்பின் ஏற்ற இறக்கத்தை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிக்கொள்வார். இந்த ஒரு பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே கைக்கொண்டவர்கள் பின்னாளில் எத்தனையோ உயிர்களை நேரத்தோடு ஐ.சி.யு.வுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்தது கணக்கு. டிரிப் ஓடும் வேகத்தைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. 500 மி.லி. சலைனை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்றால், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் குழாயில், 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. அதுவே 15 சொட்டுக் குழாயாக இருந்தால் 31 சொட்டுதான். எந்தக் குழாய் என்பது அதன் உறையில் அச்சிடப்பட்டிருக்கும். உறையைக் கிழித்து எறிவதற்கு முன் அதைப் படியுங்கள்.

இன்சுலினில் இன்னும் கவனம் வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் என்ற அளவிலும் 100 யூனிட் என்ற அளவிலும் கிடைக்கின்றன. 40க்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்குரியதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே இருப்பது அரை மி.லி.; அதாவது 50 யூனிட். நோயாளிக்குத் தாழ்சர்க்கரை வந்து நினைவு தப்பிவிடும். மாறாக, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று எல்லோரும் வியந்துகொண்டிருப்பார்கள். குப்பியின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் அருகருகே வைத்து வாய்விட்டுப் படித்த பிறகே மருந்தை எடுங்கள். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை ஒருபோதும் நேரடியாக இரத்தக் குழாயில் செலுத்தக் கூடாது என்பதையும், அதை மற்ற ஆம்பியூல்களோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதையும் இதனோடு சேர்த்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

கேஸ் புக், பராமரிப்புத் திட்டம், கேஸ் ஸ்டடி எல்லாவற்றையும் சீனியர்களின் நோட்டைப் பார்த்து எழுதிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நேரமில்லாத நிலை எனக்குப் புரிகிறது. ஆனால் வாரத்துக்கு ஒரு நோயாளியையாவது உண்மையாக எடுத்துக்கொண்டு, அவர் ஏன் வந்தார், எந்த மருந்து எதற்காக, எந்தப் பரிசோதனை முடிவு எப்படி மாறியது என்று தொடக்கம் முதல் டிஸ்சார்ஜ் வரை பின்தொடருங்கள்.

உங்கள் பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. வார்டுக்குச் செல்வதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6 ஆகிய மாதங்களில் மூன்று தவணையாகப் போட்டு முடிக்க வேண்டும். பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால், அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே வார்டுப் பொறுப்பிலுள்ள இன்சார்ஜிடம் தெரிவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பின் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் மாணவிகளிடையே அதிகம். அந்தப் பயத்துக்கு இடமளிக்காதீர்கள்.

பதிவு

தேர்ச்சி பெற்றதும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் செவிலியராகவும் மகப்பேறுத் தாதியாகவும் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் இல்லாமல் பணிபுரிவது சட்டத்துக்குப் புறம்பானது. முதல் வேலைக்கு அவசரப்பட்டு இதைத் தள்ளிப்போடாதீர்கள். பள்ளிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார், கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னாலும் வேறிடத்தில் விரிந்தும் இருப்பதால், வெளிநாட்டு விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் நின்றுபோகின்றன.

முதல் வேலையைத் தேர்ந்தெடுத்தல்

பணிநியமனக் கடிதத்தைக் கையில் வாங்காமல் சேராதீர்கள். அதில் ஊதியம், வேலை நேரம், வார விடுப்பு, பி.எஃப்., இ.எஸ்.ஐ., ராஜினாமாவுக்கான அறிவிப்புக் காலம் ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கேட்டால், சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அசலைப் பிடித்து வைத்துக்கொள்வதும், இரண்டாண்டு வேலை பார்ப்பதாகப் பாண்டு (ஒப்பந்தப் பத்திரம்) எழுதி வாங்கி இடையில் விலகினால் பெருந்தொகை கேட்பதும் செவிலியர்களை அடிமைப்படுத்தும் செயல்கள் என்றே கருதுகிறேன்.

தனியார் மருத்துவமனைகளின் ஊதியம் குறித்து ஒரு செய்தியை ஒவ்வொரு செவிலியரும் அறிந்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் அளித்த உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, 200க்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியமும், 50க்கும் குறைவான படுக்கைகள் கொண்டவை மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பெரும்பாலான இடங்களில் பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது. இன்றும் அதற்கு மிகவும் குறைவான ஊதியத்தில் பட்டதாரிச் செவிலியர்கள் வேலை பார்க்கிறார்கள். இந்நிலை மாற வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. அதைச் சொல்வதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

இரண்டு வாய்ப்புகள் வந்து, ஊதிய வேறுபாடு சிறிதாக இருந்தால், புதியவர்களுக்கு முறையான பயிற்சிக்காலம் தரும் மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். நேர்காணலில், "எத்தனை நாள் சீனியரோடு சேர்ந்து டூட்டி பார்ப்பேன்? இரவில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்?" என்று நீங்களே கேளுங்கள். முதல் வாரத்திலேயே நைட் டூட்டிக்குத் தனியாக அனுப்புகிறவர்கள் உங்களையும் நோயாளியையும் ஒருங்கே ஆபத்தில் வைக்கிறார்கள்.

முதல் மாதங்கள்

பணிக்குச் சேர்ந்ததும் எமர்ஜென்சி டிராலி எங்கே இருக்கிறது, அதில் எந்த அடுக்கில் என்ன இருக்கிறது, ஆக்சிஜன் சிலிண்டரை எப்படித் திறப்பது ஆகியவற்றை முதல் நாளே பார்த்துவிடுங்கள். அடுத்து ஓவர் எடுப்பதை, அதாவது முந்தைய டூட்டியினரிடமிருந்து நோயாளிகளின் பொறுப்பை ஏற்பதை, கற்றுக்கொள்ளுங்கள். டூட்டி மாறும்போது நோயாளியின் படுக்கை அருகிலேயே நின்று ஓவர் எடுக்க வேண்டும். நர்ஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து எடுக்கும் ஓவரில் பாதி விஷயம் விட்டுப்போகும். டிரிப்பில் மீதி எவ்வளவு, கேனுலா போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, யூரின் பையில் எவ்வளவு இருக்கிறது, எந்த மருந்து இன்னும் கொடுக்கப்படவில்லை என்பவற்றைக் கண்ணால் பார்த்த பிறகே முந்தைய டூட்டியினரை அனுப்புங்கள். "போங்க சிஸ்டர், நான் பாத்துக்கிறேன்" என்று மரியாதைக்காகச் சொல்லிவிட்டு, பிறகு கணக்கு இடித்துத் தவிப்பவர்கள் பலர்.

மருத்துவரைத் தொலைபேசியில் அழைப்பதில்தான் புதியவர்கள் மிகவும் தயங்குகிறார்கள். அழைப்பதற்கு முன் கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, யார் பேசுகிறீர்கள், எந்த நோயாளி, இப்போது என்ன நடக்கிறது, எதற்காக அனுமதிக்கப்பட்டார், நீங்கள் அளந்த எண்கள் என்ன, அவரிடமிருந்து என்ன வேண்டும் என்பதை இதே வரிசையில் சொல்லுங்கள். "சார், ஆறாம் பெட் பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. "சார், ஃபீமேல் வார்டு சிஸ்டர் பேசுறேன். நேத்து குடல்வால் ஆபரேஷன் பண்ணின ஆறாம் பெட் அம்மாவுக்கு மூச்சு 28, பல்ஸ் 124, பி.பி. 90க்கு 60. நாலு மணி நேரமா யூரின் 40 மி.லி.தான். நீங்க வந்து பாக்கணும்" என்றால், தூக்கத்தில் இருப்பவரும் எழுந்து வருவார். அவர் வாய்மொழியாகச் சொல்லும் மருந்தை எழுதிக்கொண்டு, பெயரையும் அளவையும் அவருக்கே திரும்பப் படித்துக் காட்டுங்கள். கோபித்துக்கொண்டாலும் படித்துக் காட்டுங்கள்.

செய்த வேலையை அப்போதே, நேரத்தோடு எழுதுங்கள். முன்கூட்டியே எழுதி வைப்பதும், செய்யாததைச் செய்ததாக எழுதுவதும் பிற்பாடு விசாரணை வந்தால் உங்களைத் தனியாக நிறுத்திவிடும். தெரியாத செயல்முறையைச் செய்யச் சொன்னால், "இதை நான் தனியாகச் செய்ததில்லை, கூட நில்லுங்கள் அக்கா" என்று சீனியரிடம் கேளுங்கள். நல்ல சீனியர் ஒருவர்கூட அதைக் குறையாக நினைத்ததை நான் கண்டதில்லை.

அதற்குப் பின்

தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். 2015 முதல் இந்த வாரியத்தின் வழியே எடுக்கப்பட்ட செவிலியர்கள் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டு, இரண்டாண்டுக்குப் பின் காலமுறை ஊதியம் என்று சொல்லப்பட்டாலும், பலர் அதைத் தாண்டியும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது; அதை அறிந்தே முடிவெடுங்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களை எடுக்க நார்செட் என்ற பொதுத் தேர்வு 2020 முதல் நடக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படும். அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். ஜி.என்.எம். முடித்தவர்கள் அதற்கு விண்ணப்பிக்க, 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டாண்டு அனுபவம் வேண்டும். இடங்களில் 80 விழுக்காடு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் ஆண் செவிலியர்களுக்குப் போட்டி கடுமை.

வெளிநாட்டுக்குச் செல்ல விரும்புவோர் முதல் இரண்டு ஆண்டுகளை ஒரே துறையில், அதுவும் ஐ.சி.யு., அவசரப் பிரிவு, அறுவை அரங்கு போன்றவற்றில் கழிப்பது நல்லது. வளைகுடா நாடுகள் உங்கள் சான்றிதழ்களைக் கல்லூரியிடமும் மருத்துவமனையிடமும் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கின்றன. ஆகவே போலி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவரை அண்டவே விடாதீர்கள். பிரிட்டனுக்கு, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் படித்தல், கேட்டல், பேசுதல் ஆகியவற்றில் பி தரமும், எழுத்தில் சி பிளஸ் தரமும் வேண்டும். முகவர் வழியாகச் சென்றால் அவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்றவரா என்று பாருங்கள். பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம் என்பது சட்டம். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொண்டு, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அணுகுங்கள். அங்கு எந்தெந்த நாடுகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதை நேரில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, கடவுச்சீட்டைப் பிறரிடம் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.